பூட்டு, வரிசை, இரவு: அலுவலகத் தொலைபேசியின் வரலாறு

தாணே கழிமுகத்தின் கீழ்க்கரையில், நவி மும்பையின் வடபகுதியில் அமைந்திருப்பது ஐரோலி. ஆக்ரி, கோலி மக்களின் சிற்றூராக விளங்கிய இந்நிலம், 1970இல் தோன்றிய சிட்கோ நிறுவனத்தால் நகரமாக வகுக்கப்பட்டது. 1999இல் முலுந்துப் பக்கத்திலிருந்து கழிமுகத்தைக் கடக்கும் பாலம் வந்தது. 2004இல் தாணேயிலிருந்து வாஷிக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அதன்பின் கண்ணாடிச் சுவர்களோடு கூடிய அலுவலக மாளிகைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. செம்பூரிலும் மாடுங்காவிலும் தாராவியிலும் வாழும் நம்மவர் பலர் நாள்தோறும் அங்குப் பணிக்குச் சென்று மீள்கின்றனர்.

அம்மாளிகைகளுக்குச் சற்று அப்பால், பழைய கட்டடமொன்றில் இயங்கிவந்த ஓர் அலுவலகத்தில், சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு சிக்கல் நேர்ந்தது. அவ்வலுவலகத்தின் தொலைபேசி இணைப்புப் பெட்டி, அதாவது இ.பி.ஏ.பி.எக்ஸ். என்று யாவரும் வழங்குவது, மிகப் பழையதாகிவிட்டது. புதியதை நிறுவ வேண்டும். பெட்டியில் எந்த எண் யாருக்கு உரியது, எவர் வெளியூருக்குப் பேசலாம், எவர் பேசலாகாது என்னும் கட்டளைகள் யாவும் அதன் நினைவகத்திலேயே இருந்தன. அவற்றைத் திறந்து காண உதவும் கடவுச்சொல் ஒருவருக்கும் தெரியவில்லை. பெட்டியைப் பேணிவந்தவர் நம் தமிழர். ஓய்வு பெற்றுத் திருநெல்வேலிப் பக்கம் சென்றவர், அதன்பின் காலமாகிவிட்டார். பெட்டியின் கதவுக்குப் பின்னே அவர் கைப்பட எழுதிய ஒரு நோட்டுப் புத்தகம் மட்டும் கிடைத்தது. அது முழுவதும் தமிழில் இருந்தது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நம்மை அழைத்ததன் காரணம் இதுவே.

தமிழ் நமக்குப் புரிந்தது, பொருள் புரியவில்லை. “214 – பூட்டு 2. 230 – பூட்டு இல்லை. 241 முதல் 245 – வரிசை. இரவு – 260.” இவ்வாறு பக்கம் பக்கமாக எழுதியிருந்தது. முதற்பக்கத்தின் தலைப்பில் சிவப்பு மையில் ஒரு வரி: “1இல் யாரையும் வைக்காதே.” புதிய பெட்டியை நிறுவ வந்திருந்த இளைஞர் இவ்வரியைக் கேட்டு நகைத்தார். நூறு முதல் நூற்றுத்தொண்ணூற்றொன்பது வரை நூறு எண்கள் வீணே கிடக்கின்றன என்றும், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அவற்றையே கொடுக்கப்போவதாகவும் கூறினார். அந்நோட்டுப் புத்தகத்தின் சொற்களுக்குப் பொருள் தேடிச் சென்றபோதுதான், அலுவலகத் தொலைபேசி என்னும் எளிய பொருளுக்குப் பின்னே நெடியதொரு வரலாறு இருப்பதை நாம் அறிந்தோம்.

இந்நாட்டில் தொலைபேசி நிலையங்கள் 1882ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் தொடங்கின. இங்கிலாந்தைச் சேர்ந்த ஓரியண்டல் தொலைபேசிக் கம்பெனிக்கு அதற்கு முந்திய ஆண்டில் அரசாங்கம் உரிமம் அளித்திருந்தது. கல்கத்தாவில் கவுன்சில் ஹவுஸ் தெருவில் ஒரு மூன்றாம் மாடியில் திறக்கப்பட்ட நிலையத்திற்குச் சந்தாதாரர்கள் 93 பேரே. பம்பாயிலும் சென்னையிலும் அவ்வாண்டிலேயே நிலையங்கள் வந்துவிட்டன. கம்பெனிகளின் கையிலிருந்த இம்மூன்று நகரத் தொலைபேசிகளையும் 1943இல்தான் அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. பிற்காலத்தில், 1986 ஏப்ரல் 1 முதல், பம்பாய்க்கும் தில்லிக்கும் மகாநகர் தொலைபேசி நிகாம் என்னும் தனி நிறுவனம் ஏற்பட்டது. தாணேயும் நவி மும்பையும் அதன் எல்லைக்குள் அடங்கின.

அக்காலத்து நிலையம் என்பது ஒரு பலகையும் அதன்முன் அமர்ந்த ஆளுமே. பலகையில் ஒவ்வொரு சந்தாதாரருக்கும் ஒரு துளை. அதன் மேலே ஒரு சிறு மூடி. ஒருவர் தம் கருவியின் கைப்பிடியைச் சுழற்றினால், அவருடைய மூடி விழும். ஆப்பரேட்டர் கயிற்றின் ஒரு முனையை அத்துளையில் செருகி, “யார் வேண்டும்?” என்று கேட்டு, மறுமுனையை வேண்டப்பட்டவரின் துளையில் செருகுவார். அமெரிக்காவில் முதலில் இப்பணிக்குச் சிறுவர்களை அமர்த்தினர். அவர்கள் சந்தாதாரர்களிடம் துடுக்காகப் பேசினர். எனவே 1878இல் பாஸ்டன் நகரில் எம்மா நட் என்னும் பெண்மணியை அமர்த்தினர். அதுமுதல் இது பெரிதும் பெண்களின் தொழிலாயிற்று. நம் நாட்டு நகரங்களில் ஆங்கிலோ இந்தியப் பெண்கள் பலர் இத்தொழிலில் பெயர் பெற்றனர்.

நகர நிலையத்தின் சிறு வடிவமே அலுவலகப் பலகை. நூறு பேர் பணிபுரியும் காரியாலயத்தில் நூறு பேருக்கும் தனித்தனி வெளித்தொடர்பு வாங்கினால் வாடகை கட்டுபடியாகாது. வாங்க நினைத்தாலும் கிடைக்காது. எனவே ஒரு சில வெளிக்கம்பிகளை மட்டும் வாங்கி, உள்ளே நூறு கிளைத் தொலைபேசிகளை வைத்து, இரண்டையும் இணைக்க ஒருவரை அமர்த்தினர். நூறு பேரும் ஒரே கணத்தில் வெளியே பேசமாட்டார்கள் என்பதே இவ்வேற்பாட்டின் அடிப்படை நம்பிக்கை.

எத்தனை கம்பி போதும்? இக்கேள்விக்குக் கணிதத்தால் விடை கண்டவர் டென்மார்க்கு நாட்டினரான ஏர்லாங். கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் பணியாற்றிய அவர், 1909இல் முதற்கட்டுரையையும் 1917இல் தம் புகழ்பெற்ற சூத்திரத்தையும் வெளியிட்டார். உதாரணமாக, நூறு பேரும் நெரிசல் மிகுந்த ஒரு மணி நேரத்தில் ஆளுக்கு மூன்று நிமிடம் வெளித்தொடர்பில் பேசுகின்றனர் என்க. மொத்தம் 300 நிமிடம்; ஐந்து கம்பிகள் இடைவிடாது பேசும் அளவு. ஆகவே ஐந்து கம்பி போதும் என்று நாம் நினைப்போம். ஏர்லாங்கின் கணக்கோ, ஐந்து கம்பி வைத்தால் நூறு முயற்சிகளில் ஏறக்குறைய 28 வீணாகும் என்கிறது. ஏனெனில் மக்கள் முறைவைத்துப் பேசுவதில்லை. கும்பலாக வந்து மோதுகின்றனர். பத்துக் கம்பியானால் வீணாவது இரண்டுக்கும் குறைவே. நூறு பேருக்குப் பத்து என்னும் வழக்கம் இன்றும் பல அலுவலகங்களில் காணப்படுவது. நம் நோட்டுப் புத்தகத்தின் உரிமையாளர் ஏர்லாங்கின் பெயரைக் கேட்டிருப்பாரோ என்னவோ, 80 கிளைகளுக்கு 8 கம்பிகள் வைத்திருந்தார்.

அந்நாட்களில் பலகையின்முன் இருந்தவர்தாம் அலுவலகத்தின் சட்டமும் நினைவும். மேலாளர் எப்போது வருவார், எந்த வாடிக்கையாளரை எந்த அறைக்கு அனுப்ப வேண்டும், எவருடைய அழைப்பை மேலாளர் தவிர்க்க விரும்புகிறார் என்பதெல்லாம் அவர் நெஞ்சில் இருந்தன. மாலையில் வீடு திரும்புமுன், வெளிக்கம்பிகளின் கயிறுகளைக் காவலாளின் துளையிலோ அதிகாரி ஒருவரின் துளையிலோ செருகிவிட்டுச் செல்வார். இரவில் வரும் அழைப்பு அங்கே மணியடிக்கும். நோட்டுப் புத்தகத்தில் “இரவு – 260” என்றிருந்ததன் பொருள் இதுவே. 260 வாயிற்காவலரின் எண். கயிறு செருகும் பழக்கம் மறைந்து நெடுங்காலமாகியும், பெட்டிக்குள்ளே ஒரு கட்டளையாக அது நின்றது.

ஆள் இல்லாமல் இணைக்கும் கருவிக்கு 1891இல் காப்புரிமை பெற்றவர் அமெரிக்காவின் கான்சாஸ் நகரில் சவ அடக்கத் தொழில் செய்த ஸ்ட்ரௌஜர். போட்டியாளரின் மனைவி நிலையத்தில் ஆப்பரேட்டராக இருந்து, தமக்கு வரவேண்டிய அழைப்புகளைத் தம் கணவருக்குத் திருப்பிவிட்டதால் வெகுண்டு இதனைச் செய்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை மெய்யோ பொய்யோ, ஆப்பரேட்டரின் கையில் எத்தகைய அதிகாரம் இருந்தது என்பதை அது காட்டுகிறது. 1892இல் இந்தியானா மாநிலத்தின் லா போர்ட்டு ஊரில் முதல் தானியங்கி நிலையம் திறந்தது. நம் நாட்டில் முதல் தானியங்கி நிலையம் வந்தது சிம்லாவில், 1913-14இல். கோடைகாலத் தலைநகர் அன்றோ! எண் வட்டைச் சுழற்றினால், எத்தனை எண்ணோ அத்தனை முறை மின்னோட்டம் விட்டுவிட்டுப் பாயும். அத்துடிப்புகளுக்கேற்ப நிலையத்துக் கருவி படிப்படியாக ஏறும். பின்னர் வரிசையில் காலியான கம்பி ஒன்றைத் தேடிச் சென்று பற்றும். ஒரே எண்ணுக்குப் பல கம்பிகள் இருந்து, முதற்கம்பியில் பேச்சு நடந்தால் அடுத்ததற்கு அழைப்பு செல்லும் ஏற்பாட்டை ஆங்கிலத்தில் வேட்டையாடுதல் என்று பொருள்படும் சொல்லால் குறிப்பர். நம்மவர் அதை “வரிசை” என்று எழுதியிருந்தார். மொழிபெயர்ப்புத் தொழிலில் பல ஆண்டுகள் கழித்தவர்கள் நாம். இதைவிட நல்ல சொல் நமக்குத் தோன்றியிராது.

இனிப் பூட்டின் கதை.

1960இல் லக்னோவிற்கும் கான்பூருக்கும் இடையே எஸ்.டி.டி. தொடங்கும்வரை, வெளியூர் அழைப்பு என்றால் டிரங்க் காலே. பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். சாதாரண அழைப்பு, அவசர அழைப்பு, அதனினும் விரைந்த மின்னல் அழைப்பு எனத் தரங்கள் உண்டு. தரத்திற்கேற்பக் கட்டணமும் ஏறும். வீட்டுத் தொலைபேசி என்பது பெரும்பாலோர்க்கு எட்டாக் கனி. விண்ணப்பம் கொடுத்து ஆண்டுக்கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் எண்ணற்றவை. சொந்த ஊரில் தட்டச்சும் சுருக்கெழுத்தும் பயின்று ரயிலேறிவந்து, கோட்டைப் பகுதியிலும் பல்லார்டு எஸ்டேட்டிலும் எழுத்தராகச் சேர்ந்து, மாடுங்காவில் ஓர் அறையில் நால்வராகத் தங்கிய இளைஞர்களுக்கு, ஊரோடு விரைவில் தொடர்புகொள்ள இருந்த வழிகள் இரண்டே: தந்தி, அல்லது அலுவலகத் தொலைபேசி. தகப்பனார் தவறிவிட்டார் என்னும் செய்தியும், குழந்தை பிறந்தது என்னும் செய்தியும் அலுவலகப் பலகைக்கே வந்து சேர்ந்தன. “உங்களுக்கு மதராஸிலிருந்து டிரங்க் கால்” என்று ஆப்பரேட்டர் அழைக்கும்போது, பெரிய கூடத்தில் தட்டச்சு ஓசை நின்றுவிடும் என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். நள்ளிரவில் வந்த செய்தியைக் காவலாளி எழுதிவைத்து, காலையில் கொடுத்ததும் உண்டு. அவர் எழுதத் தெரியாதவராயின் அச்செய்தி என்னவாயிற்று என்று நாம் கேட்கத் துணியவில்லை.

எஸ்.டி.டி. பரவியபின் டிரங்க் பதிவின் தொல்லை நீங்கியது. மேலாளர்களுக்கு வேறொரு தொல்லை வந்தது. எண் வட்டைச் சுழற்றத் தெரிந்த எவரும் ஊருக்குப் பேசலாம். கட்டணப் பட்டியல் அலுவலகத்திற்கு வரும். அதனால் வட்டின் விரல் துளையொன்றில் செருகித் திருகும் விரலளவுப் பூட்டு ஒன்று கடைகளில் விற்கலாயிற்று. அதை மாட்டினால் வட்டு சுழலாது. திறவுகோல் தலைமை எழுத்தரின் மேசைக்குள்ளே. ஆயினும் மனிதர் மதி பூட்டுக்கு அடங்குவதில்லை. வட்டு செய்வதெல்லாம் மின்னோட்டத்தை எண்ணி எண்ணித் துண்டிப்பதே. கைபேசிக் குமிழ் அமரும் கொக்கியை விரலால் ஐந்து முறை விரைந்து தட்டினால் அதுவும் ஐந்து; பத்து முறை தட்டினால் பூஜ்யம். இவ்வாறு பூட்டிய தொலைபேசியிலிருந்தே தட்டித் தட்டி ஊருக்குப் பேசிய கெட்டிக்காரர்கள் ஒவ்வோர் அலுவலகத்திலும் இருந்தனர். அதைக் குற்றமென்று கடிந்துரைக்க நமக்கு மனம் வரவில்லை.

மின்னணுப் பெட்டி வந்தபோது அந்த உலோகப் பூட்டு மறைந்து, கட்டளையாக மாறியது. அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தார், எழுதி வைத்த கட்டளைகளால் இயங்கும் முதல் அலுவலக இணைப்பகத்தை 1963இல் ஃபுளோரிடாவின் கோகோ பீச்சில் நிறுவினர். சோதனை முயற்சி நீங்கலாக, நகர நிலையத்திற்கு அம்முறை 1965இல்தான் வந்தது. கட்டளைப் புரட்சி அலுவலகப் பெட்டியிலேயே முதலில் நடைபெற்றது என்பது கருதத்தக்கது. அழைப்புகள் ஒருசேரக் குவியும்போது கணிப்பொறி திணறாமல், முதன்மையான பணிகளை முன்னே செய்யும் முறையை வகுத்தவர் எர்னா ஷ்னைடர் ஹூவர் என்னும் பெண்மணி. பிரசவத்திற்காக மருத்துவமனையில் இருந்தபோது இக்கருத்து அவருக்குத் தோன்றியது என்பர். 1971இல் காப்புரிமை கிடைத்தது. நம் நாட்டில் 1984இல் தோன்றிய சி-டாட் நிறுவனத்தார் 128 முனைகள் கொண்ட மின்னணுப் பெட்டியை உருவாக்கினர். அதன் ஒரு வடிவம் கிராம நிலையமாக 1986இல் கர்நாடகத்தின் கிட்டூரில் இயங்கத் தொடங்கியது. மற்றொரு வடிவம் அலுவலகப் பெட்டியாகிப் பல தொழிலகங்களில் தயாரிக்கப்பட்டது.

இப்பெட்டியைப் புரோகிராம் செய்வது என்றால் என்ன? அது பெரும்பாலும் முதல் இலக்கத்தைப் பற்றிய முடிவே. பெட்டி ஒவ்வோர் இலக்கமாகக் கேட்கிறது. முதல் இலக்கம் 0 ஆனால் வெளிக்கம்பியைக் கொடு. 9 ஆனால் ஆப்பரேட்டரை அழை. 2 ஆனால் இன்னும் இரண்டு இலக்கத்திற்குக் காத்திரு என்பன போன்ற கட்டளைகள் அதற்கு வேண்டும். 0 வெளிக்கம்பிக்கு உரியதானபின் எந்தக் கிளையெண்ணும் 0இல் தொடங்க இயலாது. அடுத்து ஒவ்வொரு கிளைக்கும் ஒரு தரம்: உள்ளே மட்டும், உள்ளூர் வரை, வெளியூர் வரை, வெளிநாடு வரை. நோட்டுப் புத்தகத்தின் “பூட்டு 2” என்பது உள்ளூரோடு நிற்க வேண்டிய தரம். “பூட்டு இல்லை” என்பது எங்கும் பேசலாம் என்னும் தரம். வட்டில் மாட்டிய பூட்டைக் கையால் திருகியவர்தாம் இச்சொல்லைக் கட்டளைக்குப் பெயராக இட்டிருக்க முடியும்.

இவ்வேலையைச் செய்பவர் சுவரில் உள்ள எம்.டி.எஃப். பெட்டியையும் அறிந்திருக்க வேண்டும். அங்கே குரோன் துண்டுகளில் ஒரு பக்கம் இணைப்பகத்திலிருந்து வரும் கம்பிகள், மறுபக்கம் மேசைகளுக்குச் செல்லும் கம்பிகள். இடையே மெல்லிய இணைப்புக் கம்பிகள். எந்த மேசைக்கு எந்த இணை என்று எழுதி வைக்காவிட்டால், ஒரு மேசையை இடம் மாற்ற அரைநாள் கழியும். நாம் கண்ட நோட்டுப் புத்தகத்தில் பதினெட்டுப் பக்கம் இதற்கே சென்றிருந்தது. அவற்றை மொழிபெயர்ப்பது சலிப்பூட்டிய வேலையே. ஆயினும் அலுவலகத்தாருக்கு மிகவும் பயன்பட்டவை அப்பக்கங்கள்தாம். கடவுச்சொல்லும் அங்கேயே, ஒரு மூலையில், மாற்றிய நாளோடு குறிக்கப்பட்டிருந்தது. பெட்டியின் கதவுக்குள் கடவுச்சொல்லை எழுதி வைப்பது முறையன்று. தலைமை அலுவலரின் பெட்டகத்தில் உறையிட்டு வைக்க வேண்டியது. ஆனால் அவர் எழுதாதிருந்தால் பழைய பெட்டி நமக்கு வாய் திறந்திராது. மாற்றாமல் விடுவது அதனினும் பெருந்தீங்கு. தொழிற்சாலையில் இட்ட 1234, 0000 போன்ற எண்களை அப்படியே விட்ட அலுவலகங்களில், விடுமுறை இரவுகளில் வெளியார் நுழைந்து தொலைநாடுகளுக்கு மணிக்கணக்கில் பேசிவிட, பெருந்தொகைக்குப் பட்டியல் வந்த நிகழ்ச்சிகள் உலகெங்கும் உண்டு.

பெட்டி மற்றொன்றும் செய்கிறது. எந்தக் கிளையிலிருந்து, எந்த எண்ணுக்கு, எப்போது, எவ்வளவு நேரம் என்று ஒவ்வோர் அழைப்பையும் குறித்துக்கொள்கிறது. பட்டியல் என்பது தீங்கற்ற பொருள்போல் தோன்றும். இந்நகரத்துத் தமிழர் அவ்வாறு எண்ண இயலாது. சிவசேனை தோன்றிய 1966ஆம் ஆண்டையொட்டி, ‘மார்மிக்’ என்னும் மராத்தி வார இதழ், பம்பாய் நிறுவனங்களில் பதவி வகித்த தென்னிந்தியர்களின் பெயர்களை வாரந்தோறும் வரிசையாக அச்சிட்டது. தொலைபேசி விவரப் புத்தகம் அதற்குத் துணையாயிற்று. எவரும் எடுத்துப் பார்க்கலாம் என்று வெளியிட்ட புத்தகம்தான். பெயரும் பதவியும் எண்ணும் ஒரே வரியில் நின்றமையே போதுமானதாயிற்று. மாடுங்காவில் பல குடும்பங்கள் அந்நாட்களில் உறக்கமின்றிக் கழித்தன. காலம் மாறி அக்கசப்பு பெரிதும் தணிந்துவிட்டது. எனினும் கிளையெண் பட்டியலை எங்கே ஒட்டுவது, அழைப்புக் குறிப்பேட்டை எவர் பார்ப்பது, எத்தனை நாள் வைத்திருப்பது என்பவற்றைச் சில்லறை அலுவல் என்று தள்ள வேண்டாம். நம் நோட்டுப் புத்தகத்தாரும், பட்டியலில் பெயர் எழுதாமல், “கணக்குப் பிரிவு, சன்னலோரம்” என்பதுபோல் இடத்தையே எழுதியிருந்தார். அச்சத்தாலா, ஆட்கள் மாறினாலும் இடம் மாறாது என்னும் சிக்கனத்தாலா என்று சொல்வதற்கில்லை.

ஐரோலியின் கண்ணாடி மாளிகைகளில் இன்று கம்பிகளும் குரோன் துண்டுகளும் அருகிவிட்டன. பேச்சு இணையத்தின் வழியே பொட்டலம் பொட்டலமாகச் செல்கிறது. இணைப்பகம் என்பது கணிப்பொறியில் ஓடும் ஒரு மென்பொருள். 1999இல் மார்க் ஸ்பென்சர் என்னும் அமெரிக்க இளைஞர், பெட்டி வாங்கப் பணமின்றித் தாமே எழுதிய ஆஸ்டரிஸ்க் என்னும் மென்பொருளை யாவருக்கும் இலவசமாக அளித்தார்; அதன் வழித்தோன்றல்கள் எங்கும் பரவின. ஆயினும் நம் நாட்டு அழைப்பு மையங்களுக்கு வேறொரு பூட்டு இருந்தது. 1999ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புக் கொள்கையின்படி அவை தனிப் பதிவு பெற வேண்டும். இணையவழிப் பேச்சும் பொதுத் தொலைபேசிப் பேச்சும் பெட்டிக்குள் கலந்துவிடாதபடி கட்டளையால் சுவர் எழுப்ப வேண்டும். 2020 மார்ச்சில் கொள்ளைநோய் பரவியபோது வீட்டிலிருந்து பணிபுரிய அரசு தளர்வு அளித்தது. அவ்வாண்டு நவம்பரில் பதிவு முறையே நீக்கப்பட்டது. 2021 ஜூனில் விதிகள் மேலும் எளிதாயின. தாராவியில் ஒற்றை அறையில் அமர்ந்து, ஐரோலி அலுவலகத்தின் கிளையெண்ணில் பேசும் இளைஞர்களும் இளம்பெண்களும் இவ்வாறு தோன்றினர். பக்கத்து வீட்டுக் குக்கர் ஊதும் ஓசை மறுமுனைக்குக் கேட்காதிருக்க அவர்கள் பட்ட பாடு தனிக் கதை.

சிவப்பு மை வரிக்கு வருவோம்.

2013 டிசம்பரில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு விடுதி அறையில், தாய் தாக்கப்படுவதைக் கண்ட ஒன்பது வயதுச் சிறுமி, காவல் உதவிக்கான 911 என்னும் எண்ணை நான்கு முறை அழுத்தினாள். நான்கு முறையும் அழைப்பு செல்லவில்லை. விடுதியின் இணைப்பகத்தில் வெளிக்கம்பி பெற முதலில் 9 அழுத்த வேண்டும். அது குழந்தைக்குத் தெரியாது. தாய் உயிரிழந்தார். அவருடைய தந்தையின் இடைவிடாத முயற்சியால், காரி என்னும் அப்பெண்மணியின் பெயரிலேயே 2018இல் ஒரு சட்டம் நிறைவேறி, 2020 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. புதிதாக நிறுவப்படும் எந்த இணைப்பகத்திலும் முன்னிலக்கம் ஏதுமின்றி 911 செல்ல வேண்டும் என்பது அதன் சாரம்.

நம் நாட்டில் நெடுங்காலமாகக் காவலருக்கு 100, தீயணைப்புக்கு 101, மருத்துவ ஊர்திக்கு 102. அனைத்திற்கும் பொதுவான 112 என்னும் எண் 2018 முதல் மாநிலம் மாநிலமாக வந்தது. இவை யாவும் 1இல் தொடங்குவன. கிளையெண்களை 100இலிருந்து தொடங்கிவிட்டால், 100 கணக்கர் மேசையில் மணியடிக்கும். 101 உணவறையில் அடிக்கும். நள்ளிரவில் தீப்பிடித்தால் காவலாளி அழைப்பது ஆளில்லா நாற்காலியை. 0 சேர்க்க வேண்டும் என்பது, சேர்ந்து மூன்று நாள் ஆன காவலாளிக்குத் தெரிந்திருக்கும் என்பது என்ன நிச்சயம்?

நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் நான்கு வரிகள் இருந்தன. அவற்றை அந்த இளைஞருக்கு நாம் இந்தியில் படித்துச் சொன்னோம்: “100, 101, 102 – எல்லாப் போனிலும் போக வேண்டும். பூட்டு கிடையாது. 0 போட்டாலும் போகும், போடாவிட்டாலும் போகும். இரவு 260இலிருந்து மாதம் ஒருமுறை பார்க்கவும்.” டெக்சாஸ் நிகழ்ச்சிக்குப் பல ஆண்டுகள் முந்தியது அந்தப் பக்கத்தின் நாள்.

இளைஞர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு தம் மடிக்கணினியில் முன்பே அடித்து வைத்திருந்த எண் திட்டத்தைத் திறந்தார். 100 முதல் 199 வரையிலான வரிகளை அழித்தார். புதியவர்களுக்கு 300இலிருந்து எண்கள் தரப்பட்டன. விலக்குப் பட்டியலில் 112ஐயும் 108ஐயும் சேர்த்தார். அன்று மாலை ஆறு மணிக்கு, வாயிற்காவலரின் தொலைபேசியிலிருந்து, 0 இல்லாமல் 112ஐ அழுத்தி, எடுத்தவரிடம் இது சோதனை அழைப்பு என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, குமிழை வைத்தோம்.